மகுடத்தை உடைத்த இருவாச்சி

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டு வழக்காடிய காலத்தில், மழைக்காட்டில் இருவாச்சிச் சகோதரிகள் இருவர் இருந்தார்கள். மூத்தவள் கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய உடம்புக்காரி. இளையவள் சிறியவள், சாம்பல் நிறம். இருவர் அலகின் மேலும் மஞ்சள் மகுடம் இருந்தது. அத்தி பழுத்தால் மகுடம் உள்ளவர்களுக்குத்தான் முதல் பந்தி.

அந்த மகுடம் முட்டையைக் காப்பாற்றியதா என்றால், இல்லை. போன வருடம் இருவர் பொந்திலும் மரநாய் புகுந்து ஒன்றுவிடாமல் தின்றுவிட்டுப் போனது.

இந்த வருடம் மூத்தவள் சொன்னாள்: "பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துவிடப் போகிறேன். அலகு நுழைய ஒரு கீறல் போதும்."

அவள் கணவன் சிறகை உதறினான். "நானே வெளியிலிருந்து பூசிவிடுகிறேன்."

"நீங்கள் மண் கொண்டுவந்தால் போதும். பூசப்போவது நான், உள்ளேயிருந்து. அடைப்பதும் திறப்பதும் என் இஷ்டம்."

"அவர் பழம் கொண்டுவராவிட்டால், அக்கா?" என்றாள் இளையவள்.

"அதை அவரிடம் கேளடி. என்னை ஏன் கேட்கிறாய்?"

அவன் மண் எடுக்கப் பறந்தான்.

இளையவளுக்கும் முட்டையிடும் நேரம் நெருங்கியது. கிடைத்ததோ ஒல்லியான நாங்கு மரத்தில் ஒரு சின்னப் பொந்து. தலையை நுழைத்தாள், மகுடம் இடித்தது. சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். இடித்தது.

கீழ்க்கிளையில் மரநாய் சோம்பல் முறித்தது. "அவசரமே இல்லை தாயி, நிதானமாகப் பார்."

பக்கத்து மரத்துக் கீறல் வழியே மூத்தவள் கூப்பிட்டாள். "நான் பூசியதை உடைத்துவிடுகிறேன். நீ இங்கே வா."

"உன் முட்டையை எங்கே வைப்பாய்? மரநாய் வாயிலா?"

இளையவள் மகுடத்தை மரத்தில் மோதப்போனாள். அவள் கணவன் பதறினான். "வேண்டாம். மகுடம் போனால் கடைசிப் பந்திதான். நாலு பேர் சிரிப்பார்கள்."

"முதலில் நானே சிரித்துவிட்டால்?"

ஓங்கி மோதினாள். மகுடம் மரநாயின் மூக்கை உரசிக்கொண்டு கீழே விழுந்தது. கெக்கெக்கே என்று காடே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டு உள்ளே போனாள்; வாசலைப் பூசத் தொடங்கினாள்.

வெளியே இன்னொரு மோதல் கேட்டது. கீறலில் முதல் பழத்தை நீட்டிய கணவனின் அலகும் மொட்டையாக இருந்தது.

"கடைசிப் பந்தியில் தனியாகவா உட்காருவாய்?" என்றான்.

அன்று முதல்தான் பெரிய இருவாச்சிக்கு மகுடம், சாம்பல் இருவாச்சிக்கு வெறும் அலகு. பெண்ணை ஆண் பூட்டிவைத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு இனத்திலும் உள்ளேயிருந்து பூசிக்கொள்பவள் அவள்தான். பொந்துள்ள மரங்களை நாம் வெட்டி வெட்டி இருவரும் அருகிவிட்ட இன்றும், சாம்பல்காரி சிரிப்பதை நிறுத்தவில்லை.