கறுப்பும் வெள்ளையும் மட்டும் போதும் என்ற சேவல்

முள்ளுக்காட்டை ஒட்டி ஒரு குளம். குளத்தின் கரையில் ஒரு வீடு. அந்த வீட்டின் கொல்லையில் சில கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன.

சேவலுக்கு உடம்பு முழுக்க வெள்ளை. வால் மட்டும் கன்னங்கறுப்பு. குளத்துத் தண்ணீரில் தன் அழகைப் பார்த்துவிட்டுத்தான் அது காலையில் கூவும். மழை பெய்து தண்ணீர் கலங்கிக் கிடந்தால் அன்றைக்குக் கூவவே மனசு வராது. அப்படிப்பட்ட சேவல்!

கோழிகள் பல நிறம். பண்ணையிலிருந்து வந்த வெள்ளைக்கோழி ஒன்று. எலும்பு வரை கறுத்த கருங்கோழி ஒன்று. கறுப்பும் வெள்ளையுமாக உடம்பெல்லாம் கோடு ஓடிய வரிக்கோழி ஒன்று. சாம்பல் நிறத்தில் ஒன்று. பிறகு, செங்கல் நிறத்தில் ஒரு சின்ன நாட்டுக்கோழி. அதை எல்லோரும் செவலை என்று கூப்பிட்டார்கள்.

செவலை முருங்கை மரத்தடியில் ஒரு பழைய கூடைக்குள் அடை படுத்திருந்தது. வயிற்றுக்கு அடியில் கூடை நிறைய முட்டைகள். அதில் ஒன்றுகூட அதன் முட்டை இல்லை! எல்லாம் வெள்ளைக்கோழியும் கருங்கோழியும் வரிக்கோழியும் இட்டவை. அந்த மூன்றுக்கும் முட்டையிடத் தெரியும். இட்டுவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கொக்கரிக்கவும் தெரியும். அதன் மேல் உட்கார மட்டும் தெரியாது.

"அக்கா, என் முட்டையையும் கொஞ்சம் பாத்துக்கயேன்!" என்று ஒவ்வொன்றும் வந்து கூடையில் இட்டுவிட்டுப் போகும். செவலையும் சரி சரி என்று இடம் ஒதுக்கிக் கொடுக்கும். இரை எடுக்கப் போனாலும் இரண்டு கொத்துக் கொத்திவிட்டு ஓடி வந்துவிடும். உடம்பு இளைத்து, கொண்டை வெளிறிப் போயிருந்தது பாவம்.

முருங்கை மரத்தின் மேல் ஒரு காகம் இருந்தது. அதற்கு அந்த முட்டைகள் மேல் ஒரு கண். ஒருநாள் மெதுவாகக் கூடைக்குப் பக்கத்தில் இறங்கிப் பார்த்தது. செவலை விட்ட கொத்தில் காகத்தின் நெஞ்சு இறகு ஒரு வாய் போய்விட்டது! காகம் கத்திக்கொண்டே மரமேறியது.

"இவளோட சண்டை போட்டு ஆகாது. இவளை இங்கேயிருந்து கிளப்பணும். அதுக்கு ஒரு முட்டாள் வேணும்" என்று யோசித்தது. குளக்கரையில் சேவல் தண்ணீரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. காகத்துக்கு வேலை சுலபமாகிவிட்டது.

"தம்பி! அக்கரையில புதுசா ஒரு பங்களா கட்டியிருக்காங்களே, பாத்தியா?"

"இல்லையே அண்ணே! என்ன விசேஷம்?"

"அங்கே கோழி வளக்கறாங்கப்பா. ஒண்ணு வெள்ளை, இல்லாட்டி கறுப்பு. வேற நிறமே கெடையாது! போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு நின்னு போட்டோ எடுக்கறாங்க. இப்ப அதுதான் ஃபேஷன்! நீயும் இருக்கியே, ராஜா மாதிரி. உன் கூட்டத்தைப் பாரு! செவப்பும் சாம்பலும்னு கந்தல் துணி காயப்போட்ட மாதிரி! உன் அழகு எடுபடுமா அதுல?"

சேவல் திரும்பிக் கொல்லையைப் பார்த்தது. நேற்று வரை அதன் கண்ணுக்கு எல்லாம் கோழியாகத்தான் தெரிந்தன. இப்போது எல்லாம் நிறமாகத் தெரிந்தன.

"கூப்பிடு எல்லாரையும்!" என்று கூவியது.

கோழிகள் கூடின. செவலை மட்டும் கூடையை விட்டு எழுந்திருக்கவில்லை. சேவல் விறகுக் கட்டையின் மேல் ஏறி நின்றது. பக்கத்தில் காகம். அதற்கு யார் அந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"இன்னையிலேருந்து இந்தக் கொல்லையில கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் இருக்கும்! மத்ததெல்லாம் வெளிய போகலாம்!"

சாம்பல் கோழி முன்னால் வந்தது. "நான் கறுப்பையும் வெள்ளையையும் கலந்தா வர்ற நிறந்தானே? என்னை ஏன் போகச் சொல்றே?"

காகம் குறுக்கே புகுந்தது. "கலந்துட்டா அப்புறம் என்ன மரியாதை? தனித்தனியா தெரியணும்! போ, போ!"

சாம்பல் கோழியை இரண்டு பக்கமும் கொத்தி வேலிக்கு அந்தப் பக்கம் துரத்தினார்கள். அடுத்தது வரிக்கோழி. காகம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு பழுப்பு இறகைக் கண்டுபிடித்தது.

"இது என்ன இது?"

"ஐயோ, அது மண்ணுல புரண்டதுல வந்தது!" என்று வரிக்கோழி அலறியது.

காகம் அந்த இறகைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கியது. இரத்தம் துளிர்த்தது. வரிக்கோழி வலியை விழுங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி அண்ணே!" என்றது. கேட்டீர்களா? தன் இறகைப் பிடுங்கினவனுக்கு நன்றி! இப்படிப்பட்டவர்கள் இருக்கும்வரை காகத்துக்கு என்ன குறை?

கடைசியில் எல்லோரும் முருங்கை மரத்தடிக்கு வந்தார்கள்.

"எந்திரி!" என்றது சேவல்.

செவலை நிதானமாகத்தான் பேசியது. "நான் போயிடறேன். இந்தக் கொல்லை இல்லாட்டி எனக்கு ஒரு காடு. ஆனா நாளைக்குக் குஞ்சு பொரிஞ்சுரும். உள்ள கொத்துற சத்தம் கேக்குது. குனிஞ்சு கேட்டுப் பாருங்க! பொரிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

சேவலுக்குக் கொஞ்சம் மனம் இளகியது. காகம் அதைக் கவனித்துவிட்டது.

"தம்பி, விஷயம் தெரியாம பேசாதே! செவலை அடைகாத்தா குஞ்சும் செவலையாத்தான் பொரியும். சூடு எறங்கும்போது நிறமும் சேந்துதானே எறங்கும்!"

"ஐயையோ! என் குஞ்சு செவலையாவா?" என்று கத்தியது வெள்ளைக்கோழி.

"என் வம்சமே நாறிப் போயிடுமே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டது கருங்கோழி.

அதுவரை பொறுமையாக இருந்த செவலைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"ஏண்டா, உன்னை அடைகாத்தது யாருடா? இதே கூடை. இதே வயிறு. நான் எறக்கின சூட்டுலதான் நீ பொரிஞ்சே! உன் உடம்புல எங்கடா செவலை? காட்டு பாப்போம்! பருந்து வந்தப்ப உன்னைக் கீழே அமுக்கிக்கிட்டு நான் முதுகைக் குடுத்தேனே, அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அப்ப என் நிறம் உனக்கு உறுத்தலையா?" பிறகு காகத்தின் பக்கம் திரும்பியது. "நிறம் பாக்க வந்த பெரிய மனுஷா! உன் கழுத்துல இருக்கறது என்ன நிறம்? கறுப்பா, வெள்ளையா?"

காகம் தன் சாம்பல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. "அது... அது மர நிழல்!"

சேவலுக்கு எல்லாம் நினைவிருந்தது. அந்த இறக்கைக்குள் தூங்கியது நினைவிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறந்துபோய்ச் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம்! அது எல்லோர் முகத்தையும் பார்த்தது. காகத்தின் முகத்தையும் பார்த்தது. நாலு பேர் முன்னால் ஒரு செவலைக்குப் பிள்ளை என்று நிற்க அதற்கு வெட்கமாக இருந்தது.

"பழைய கதையெல்லாம் இங்க எதுக்கு? இழுங்கடி அவளை!"

வெள்ளைக்கோழி வாலைப் பிடித்தது. கருங்கோழி கொண்டையைக் கொத்தியது. வரிக்கோழி இறக்கையைப் பற்றி இழுத்தது. செவலை கூடையின் விளிம்பைக் காலால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. யாருடைய பிள்ளைகளுக்காக அது அப்படிப் பிடித்துக்கொண்டது? இழுத்தவர்களுடைய பிள்ளைகளுக்காக! கடைசியில் சேவலே வந்து காலால் உதைத்தது. செவலை வேலிக்கு வெளியே போய் விழுந்தது.

கொல்லை கறுப்பும் வெள்ளையுமாக ஆகிவிட்டது. சேவல் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு சுற்று நடந்து பார்த்தது.

"சரி, இப்ப முட்டைமேல யாரு உக்கார்றது?" என்று கேட்டது வரிக்கோழி.

எல்லோரும் வெள்ளைக்கோழியைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் மெஷின்ல பொரிஞ்சவ! எங்க பரம்பரையிலேயே யாரும் உக்காந்ததில்லை!"

"எனக்கு முடியாதும்மா! நான் உக்காந்துட்டா நாலு பேரு என்னை எப்படிப் பாப்பாங்க?" என்றது கருங்கோழி.

வரிக்கோழி வேண்டா வெறுப்பாகக் கூடைக்குள் ஏறியது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு முட்டையை மிதித்தது. "இப்படியே எவ்வளவு நேரம் இருக்கணும்? காலு மரத்துப் போச்சே!" என்று புலம்பியது. அந்த நேரம் பார்த்து வேலியோரம் கரையான் புற்று ஒன்று உடைந்திருப்பதாகக் கருங்கோழி குரல் கொடுத்தது. வரிக்கோழி குதித்து ஓடியது. வெள்ளைக்கோழியும் ஓடியது. நம்முடைய ராஜாவும் ஓடினார்.

கூடை திறந்து கிடந்தது.

"கா! கா! கா!" என்று காகம் தன் சொந்தபந்தம் எல்லாவற்றையும் அழைத்தது. கூடையைச் சுற்றி இறக்கைகள் படபடத்தன. ஒவ்வொரு முட்டையாக உடைந்தது. சேவல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அண்ணே! என்ன பண்றே?"

"சாப்பிடறேன், தம்பி!"

"அது எங்க முட்டை!"

"மூடி வச்சிருந்தவளை உதைச்சுத் தள்ளினது நானா, நீயா?" என்று கேட்டுவிட்டு, காகம் அடுத்த முட்டையில் அலகை வைத்தது.

சேவல் தடுக்கப் போனது. காகங்கள் மொத்தமாகத் திரும்பின. சேவல் விறகுக் கட்டைக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது!

வேலிக்கு அந்தப் பக்கம் செவலைக்கு எல்லாம் கேட்டது. காகங்களின் கூச்சலுக்கு நடுவே, உடையாத ஒரு முட்டைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக்குரலும் கேட்டது. அது வேலியைப் பிளந்துகொண்டு கிளம்பியது. சாம்பல் கோழி வழியை மறித்தது.

"போகாதே அக்கா! நம்மளைத் துரத்தினவங்களுக்காகவா போறே?"

"அவங்களுக்காக யாரு போறா? முட்டைக்குள்ள இருக்கறது நம்மளைத் துரத்துச்சா?"

சாம்பல் கோழி வழியை விட்டது. பிறகு அதுவும் கூடவே ஓடியது.

இரண்டும் காகக் கூட்டத்துக்குள் புகுந்தன. செவலைக்கு ஒரு கண்ணின் ஓரம் கிழிந்தது. சாம்பல் கோழிக்கு இறக்கையில் காயம். ஆனாலும் விடவில்லை. காகங்கள் பறந்தபோது கூடையில் பாதி முட்டைதான் மிச்சம். செவலை இரத்தம் சொட்டச் சொட்ட அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாம்பல் கோழி காவலுக்கு நின்றது.

மறுநாள் குஞ்சுகள் பொரிந்தன. வெள்ளையாகச் சில. கறுப்பாகச் சில. ஒன்றுகூடச் செவலை இல்லை.

விறகுக் கட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த சேவல், இறகுகளைக் கோதிச் சரிசெய்துகொண்டு கூடைக்கு முன்னால் வந்து நின்றது. தொண்டையைச் செருமியது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. உன்னை மன்னிச்சுட்டேன்! குஞ்சுகளை எங்ககிட்டக் குடுத்துடு. நீ வேணும்னா அந்தக் குப்பைமேட்டுக்குப் பின்னால, யாரு கண்ணுலயும் படாம இருந்துக்கலாம்."

மன்னித்துவிட்டதாம்! அப்படிச் சொல்ல வாய் எப்படித்தான் வந்ததோ! செய்ததெல்லாம் தான் செய்துவிட்டு, அடிபட்டவளை மன்னிக்கிறதாம்!

செவலை கூடையிலிருந்து இறங்கியது. கீழே கிடந்த உடைந்த ஓடுகளைக் காட்டியது.

"நீ என்னை மன்னிக்க வேண்டாம். இதுக்குள்ள இருந்தவங்ககிட்டப் போய் நீ முதல்ல மன்னிப்புக் கேளு."

செவலை, "க்ளக், க்ளக்" என்று கூப்பிட்டபடி நடந்தது. குஞ்சுகள் பின்னாலேயே உருண்டு ஓடின.

"வாடா கண்ணு! நான்தான் உன் அம்மா!" என்று வெள்ளைக்கோழி கத்தியது. ஒரு வெள்ளைக் குஞ்சு நின்று திரும்பிப் பார்த்தது. அந்தக் குரல் அதற்குத் தெரியவில்லை. அது செவலையின் வயிற்றுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

செவலையும் சாம்பல் கோழியும் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வேலியைத் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் போய்விட்டன. பிறகு திரும்பவே இல்லை.

கொல்லையில் வெள்ளைக்கோழி அன்றைக்கும் ஒரு முட்டையிட்டது. வழக்கம்போல ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்தது. மேலே முருங்கைக் கிளையில் காகம் நகர்ந்து உட்கார்ந்தது.

நிறத்தைப் பார்த்து ஆளைக் கழிக்கிறவன், யாருடைய உழைப்பில் தன் வம்சம் பிழைக்கிறது என்பதைப் பார்க்காமல், அதைத் தன் காலாலேயே உதைத்துத் தள்ளிவிடுகிறான்.