மந்திரவாதியும் வாள்காரியும்

டெல்பின் டீச்சரை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது தூத்துக்குடி பேருந்து நிலையத்தில். மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஆபரேஷன். மடியில் ஒரு மக்ரூன் பொட்டலம் பிரிந்து கிடந்தது. இப்போது இதைச் சாப்பிடலாமா என்று கேட்டேன்.

"நாளைக்குத்தான் வெறும் வயித்தோட வரச் சொல்லிருக்காங்க. இன்னிக்கு வயிறு நம்மதுதான" என்றார்.

பஸ் கிளம்பும்போது பால்வண்ணம் அண்ணாச்சியைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி தலையாட்டினார். டீச்சரைவிட அவர் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் அவர் டீச்சருடைய மாணவர்தான்.

டீச்சர் மதுரையிலிருந்து திரும்பவில்லை.

அதற்கு முந்தைய கோடையில் அண்ணாச்சி அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு டீச்சர் சொன்ன பதிலைத்தான் எழுதுகிறேன்.

டீச்சர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி வந்தார். ஞாயிறு அது பூட்டிக் கிடக்கும். அன்று மதியம் அதன் மாடியறையில் ஓர் ஆட்டம் ஆட நாங்கள் கூடுவோம். கப்பலில் வேலை பார்த்த டீச்சருடைய அண்ணன் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த ஆட்டம் அது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். புத்தகத்தில் இருந்த விதிகளை டீச்சர் தமிழில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஆன்றோ, என் மனைவி அமலி, நான். ஆன்றோ மந்திரவாதி. அமலி வாள்காரி. நான் முன்னால் போய் வழி பார்க்கிறவன். எனக்குப் பெரிய வேலை இருக்காது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மந்திரவாதிக்கு ஒரு விதி உண்டு. அவன் மந்திரங்கள் பெரியவை. ஒருமுறை சொன்னால் ஒரு கூட்டமே எரிந்துவிடும். ஆனால் சொன்ன மந்திரம் அவன் மனதைவிட்டுப் போய்விடும். கதைக்குள் ஓர் இரவு தூங்கி எழுந்தால்தான் திரும்ப வரும். வாள்காரிக்கு அப்படி எதுவும் இல்லை. அவள் வீசுவாள், மறுபடியும் வீசுவாள்.

டீச்சருக்கு உடம்பு முடியாமல் போனபோது, தனக்குப் பிறகு கதை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்றார். பால்வண்ணம் அண்ணாச்சி தானே வந்து கேட்டுக்கொண்டார். அவருக்கு ஓர் உப்புக் கம்பெனியின் எடைமேடையில் வேலை. லாரிகளை வெறுமையாக ஒருமுறையும் பாரத்தோடு ஒருமுறையும் நிறுத்தி எடை பார்ப்பவர். எதையும் எடை போட்ட பிறகே நம்புவார். கோடை தொடங்கியதிலிருந்து அவர் கதை நடத்த, டீச்சர் மூலையில் ஒரு நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் பேச மாட்டார்.

கஷ்டம் சீக்கிரமே தெரிந்தது. ஒரு ஞாயிறு, கதையில் கொள்ளைக்காரர்கள் எங்களை ஒரு பாலத்தில் மறித்தார்கள். அமலி பகடையை எடுப்பதற்குள் ஆன்றோ தீ மந்திரத்தைச் சொல்லிவிட்டான். கொள்ளைக்காரர்களும் இல்லை, பாதிப் பாலமும் இல்லை. அடுத்த வாரம் ஒரு குகை. அங்கேயும் அதே கதை. அதற்கடுத்த வாரம் அமலி வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்தாள். ஆன்றோ சண்டை போட்டு முடிக்கும்வரை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, உங்க வாள் துருப்பிடிச்சிராம. கொஞ்சம் எண்ண போட்டு வைங்க" என்றான் ஆன்றோ. அவன் மனதில் கெட்ட எண்ணம் கிடையாது. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

அமலி அவனுக்கும் கொஞ்சம் கடலை கொடுத்தாள்.

அவள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை பார்த்தாள். குளிர்ந்த தண்ணீரில் கை நனைய, தலை குனிந்து நாள் முழுக்க நிற்கும் வேலை. தலை நிமிர்ந்தால் சூப்பர்வைசர் கேட்பார். ஞாயிறு மதியம் மட்டும் அவள் ஒரு கோட்டை வாசலில் நிமிர்ந்து நின்று, முடிந்தால் தாண்டிப் பார் என்பாள். வீட்டில்கூட அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

வீடு திரும்பும் வழியில், இனி நான் மட்டும் போய்வந்தால் போதும் என்றாள். வேடிக்கை பார்ப்பதற்கு என்றால் வீட்டிலேயே டிவி இருக்கிறது என்றாள்.

நான் இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அமலி போனால் மேசையில் இரண்டு பேர். இரண்டு பேரை வைத்துக் கதை நடத்த முடியாது என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். டீச்சர் கையிலிருந்து வாங்கிய ஆட்டம் தன் கையில் உடையப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலையே டீச்சர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"டீச்சர், மந்திரவாதியையும் வாள்காரியையும் சமமா வைக்கிறது எப்படி?"

டீச்சர் அவருக்குத் தோன்றியதைச் செய்து பார்க்கச் சொன்னார்.

அண்ணாச்சி மந்திரவாதியின் தீயைப் பாதியாகக் குறைத்தார். பத்துப் பேரை எரித்த தீ, அந்த ஞாயிறு இரண்டு பேருடைய மீசையைக் கருக்கியது.

"அண்ணாச்சி, இதுல பீடிதான் பத்த வைக்கலாம்" என்றான் ஆன்றோ. சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அது எங்களுக்குப் பழக்கமில்லாத அமைதி.

அமலிக்கும் அது சந்தோஷமாக இல்லை. "அவன வெட்டிக் குட்டையாக்குனா நான் வளந்துருவனா?" என்றாள் என்னிடம்.

அண்ணாச்சி மறுபடியும் டீச்சரிடம் போனார். டீச்சர் மறுபடியும் அதையே சொன்னார்.

அடுத்த ஞாயிறு, கதையில் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து அமலிக்கு ஒரு வாள் கிடைத்தது. பாறையைத் தொட்டால் பாறை பிளக்கும். அமலி அதை ஒருமுறை வீசினாள். எதிரே நின்ற பூதம் இரண்டாக விழுந்தது. அண்ணாச்சி ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்தார்.

அமலி, அந்த வாளைத் திரும்பக் கிணற்றில் போடுகிறேன் என்றாள்.

"ஏம்மா?"

"அதுவே வெட்டுது அண்ணாச்சி. நான் சும்மா தூக்கிச் சுமக்கேன்."

எழுந்து செருப்பை மாட்டினாள். வருகிற ஞாயிறு ஒருநாள் வருகிறேன், டீச்சர் முகத்துக்காக, அதோடு சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அண்ணாச்சி மூலைக்குப் போய் டீச்சருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் எடுத்துப் பாத்துட்டேன். அந்தப் பக்கம் வச்சும் பாத்துட்டேன். முள்ளு நடுவுல நிக்க மாட்டேங்குது டீச்சர்."

டீச்சர், வருகிற ஞாயிறு தானே நடத்துவதாகவும், அவர் ஓரமாக உட்கார்ந்தால் போதும் என்றும் சொன்னார்.

அந்த ஞாயிறு டீச்சர் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். குரல் மெலிந்திருந்தது. ஆன்றோவின் தீயை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார். அமலியிடம் அவளுடைய பழைய வாளே இருந்தது.

கதையில் ஓர் உப்பள ஊர். கொள்ளைக் கூட்டம் ஒன்று ஊரை எரித்துவிட்டது. பிழைத்தவர்கள் குழந்தை குட்டியோடு உப்பளங்களுக்கு நடுவே நீண்டு போகும் ஒடுக்கமான கரை வழியாக மறுபக்கத்துக் கோட்டைக்கு நடக்கிறார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. விடிகாலையில் கிளம்பினோம்.

கரையில் ஏறுவதற்கு முன்பே முதல் கூட்டம் வந்தது. ஆன்றோ எரித்தான். அமலியின் கை கடலைப் பொட்டலத்துக்குப் போனது.

ஆன்றோ வழக்கம்போல, "சரி, கூடாரத்த அடிப்போம். தூங்கி எழுந்திரிச்சிப் போவோம்" என்றான்.

எங்கள் மேசையில் அது பழக்கமாகிவிட்டிருந்தது. சண்டை முடியும், ஆன்றோ கூடாரம் என்பான், பால்வண்ணம் அண்ணாச்சி உடனே பொழுது விடிந்தது என்று அறிவித்துவிடுவார். நாங்களும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவோம்.

"இப்ப காலையில எட்டு மணி. அவங்க கட்டிக் கொண்டாந்த இட்லியே இன்னும் ஆறல" என்றார் டீச்சர்.

நாங்கள் சிரித்தோம். ஆன்றோவும் சிரித்தான்.

"நீ தூங்கலாம் தம்பி. உன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க. ஊர்க்காரங்க நடந்துகிட்டிருக்காங்க."

ஆன்றோ நடந்தான்.

பின்னாலிருந்து இரண்டாவது கூட்டம் வந்தது. ஆன்றோ காற்றை எழுப்பி அவர்களைச் சேற்றில் தள்ளினான். கொஞ்ச தூரம் போவதற்குள் அளத்துத் தண்ணீரில் ஓடங்கள் தெரிந்தன. அவற்றையும் அவனே கவிழ்த்தான். அமலி பகடையை விரலால் உருட்டிக்கொண்டு சும்மா இருந்தாள். உச்சி வெயிலில் அம்புகள் பறந்து வந்தன. அவற்றைத் தடுக்கும் மந்திரத்தையும் ஆன்றோ சொல்லி முடித்தான்.

"இப்ப என்ன மணி டீச்சர்?"

"மதியம் இப்பத்தான் திரும்புது."

ஆன்றோ தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

கரை பாதி தாண்டியபோது, பின்னால் தூசி தெரிகிறது என்று நான் சொன்னேன். என் வேலை அது ஒன்றுதான். குதிரைகள் வருகின்றன என்றார் டீச்சர். ஊர்க்காரர்கள் ஓட முடியாது, கிழவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் ஆன்றோவைப் பார்த்தோம்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றான். அவன் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

அமலி கடலைப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள்.

"கரையில எத்தன குதிர சேந்து வரலாம் டீச்சர்?"

"ஒண்ணுதான்."

"அப்ப எல்லாரும் என் பின்னால போங்க."

முதல் குதிரைக்குப் பகடை உருட்டினாள். அடுத்ததற்கும் உருட்டினாள். சில பலித்தன, சில பலிக்கவில்லை. தோளில் ஒரு வெட்டு விழுந்தது என்றார் டீச்சர். அமலி தன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி உருட்டினாள். குதிரை விழுந்த இடத்தில் அடுத்த குதிரை தயங்கியது. அவள் ஓரடி பின்வாங்கி நின்று, தாண்டிப் பார் என்றாள். நாற்காலியில் யாரும் சாய்ந்து உட்காரவில்லை.

ஆன்றோ பின்னால் இரண்டு குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஒரு கிழவியின் மூட்டையையும் வாங்கிக்கொண்டான். அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று டீச்சரிடம் கேட்டான். உரல் என்றார் டீச்சர். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான், ஆனால் கீழே போடவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. கோட்டை வாசல் கண்ணுக்குத் தெரிந்தபோது கொள்ளைக்காரர் தலைவனே குதிரையை விட்டிறங்கி அமலியின் எதிரே வந்தான். ஆளை ஆள் பார்க்க முடியாத மங்கல்.

ஆன்றோ மெதுவாகச் சொன்னான். "மைனி, சின்னதா ஒண்ணு கெடக்கு. விளக்கு மந்திரம். வெளிச்சம் மட்டும் வரும், சண்டைக்கு ஆகாது."

அமலி திரும்பாமலே கேட்டாள். "அவன் கண்ணுக்கு நேரா காட்ட முடியுமா?"

"முடியும்."

"காட்டு."

அவன் காட்டினான். அவள் உருட்டினாள்.

ஊர்க்காரர்கள் உள்ளே போனார்கள். கோட்டைக் கதவு மூடியது. அப்போதுதான் டீச்சர், இப்போது இரவு என்றார்.

ஆன்றோ நெற்றியைத் துடைத்துக்கொண்டான். நிஜமாகவே வேர்த்திருந்தது. இந்தக் கோடையில் இதுதான் உருப்படியான சண்டை என்று சொல்லிக்கொண்டே எல்லோருடைய டீ தம்ளர்களையும் அடுக்கினான். உரல் தூக்கினதுக்குக் கூலி யார் தருவா என்று டீச்சரிடம் கேட்டான். அமலி படியிறங்கும்போது அவனிடம் நின்றாள்.

"அடுத்த வாரம் அந்த விளக்க மறந்துறாத."

அவர்கள் இருவரும் கீழே போனபிறகு நான் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தேன். பால்வண்ணம் அண்ணாச்சி டீச்சரின் எதிரே வந்து உட்கார்ந்தார். அவ்வளவு நேரமும் ஓரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர்.

"நீங்க எந்த விதியையும் மாத்தலையே டீச்சர்."

"இல்ல."

"அவன் தீ அதே தீதான். அவ வாளும் அதே வாள்தான்."

"ஆமா."

"நான் எங்க தப்பா எடை போட்டேன்?"

டீச்சர் தலையணையை முதுகிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"அவன் மந்திரம் தீந்த ஒவ்வொரு தடவையும் ராத்திரிய வரவச்சது யாரு அண்ணாச்சி?"

அண்ணாச்சி விரலில் எண்ணிப் பார்த்தார்.

"அவன் கேட்டான். குடுத்தேன். அமலி எதையும் கேக்கலையே."

"கேக்க மாட்டா."

"கேட்டிருந்தா என்ன கேட்டிருப்பா?"

"பகல்" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. நான் கடைசி ஜன்னலையும் சாத்திவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தேன்.

டீச்சர் மறு வருஷம் போனார். அமலி அதற்குப் பிறகு பல வருஷம் ஆடினாள். அவளால் மாடிப்படி ஏற முடியாமல் போனபோது கீழறைக்கு மேசையை இறக்கினோம். பிறகு அவளும் போனாள்.

ஞாயிறு மதியம் இப்போதும் கூடுகிறோம். மிச்சமிருக்கிற இரண்டு பேரை வைத்தே பால்வண்ணம் அண்ணாச்சி கதை நடத்துகிறார். நான் வழி பார்க்கிறேன். எங்கள் மேசையில் இப்போது மந்திரவாதி இல்லை. வாளை ஆன்றோ பிடிக்கிறான்.