பாதி மீசைத் தீர்மானம்

ஒத்தப்பனங்காட்டு ஆட்கள் சொன்ன சொல்லை ஒரு நூல்கூடத் தாண்டமாட்டார்கள். அதுதான் அவர்களுக்கு இருக்கிற ஒரே வியாதி.

அந்த ஊர் சலூன் முதலாளி, மகன் வீட்டோடு போய்விடலாம் என்று, வேலை பார்த்த நாலு பேரையும் கூப்பிட்டார். "இனிமே கடை உங்களோடது. உழைக்கிற நாலு பேருமே முதலாளி. எதுன்னாலும் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டுச் செய்யுங்க." சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார், புண்ணியவான்.

மறுநாள் கடை திறக்க ஓட்டெடுப்பு. கூட்டத்தைக் கடைக்குள்தான் நடத்த வேண்டுமாம். பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். முன்வாசலைத் திறக்கலாம் என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். மறுபடி பின்வாசல் வழியாக வெளியே வந்து திறந்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்து வந்து மாட்டினார் கல்யாண மாப்பிள்ளை நல்லதம்பி. எதிர் மண்டபத்தில் பத்தரைக்கு முகூர்த்தம். மீசையோடு வந்தால் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று பெண் சொல்லியனுப்பிவிட்டாள், பாவம்.

நால்வரில் ஒருவனான ஒண்டிமுத்து வலப்பக்க மீசையை வழித்தான். கத்தி இடப்பக்கம் திரும்பியதும் இன்னொரு முதலாளி சடையன் அவன் கையைப் பிடித்தான்.

"யாரைக் கேட்டு எடுக்கற?"

ஒண்டிமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே கூட்டம். எடுக்கலாம் என்று இரண்டு ஓட்டு, வேண்டாம் என்று இரண்டு ஓட்டு.

"ஏற்கெனவே பாதி போச்சு. மீதியையும் எடுத்துட்டா மனுசனுக்குன்னு என்ன இருக்கும்?" என்ற சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"யோவ், மணி பத்தாச்சுய்யா! கத்தியைக் குடுங்க, நானே எடுத்துக்கறேன்!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

"கத்தி நாலு பேருக்கும் பொது. சொந்த மீசைக்கெல்லாம் தரமுடியாது" என்றான் ஒண்டிமுத்து.

"அப்ப என்னையும் முதலாளியாச் சேத்துக்குங்க. அஞ்சாவது ஓட்டை நான் போட்டுத் தொலைக்கிறேன்!"

நால்வருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "ஆனா இங்க உழைக்கிறவன்தான் முதலாளி. மொதல்ல ஒருத்தருக்குச் சவரம் பண்ணுங்க" என்றான் சடையன்.

அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையைத் தேடி வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார் மாமனார். முறுக்கு மீசைக்காரர். நல்லதம்பி அவரை நாற்காலியில் அமுக்கி, "ஒரே நிமிசம் மாமா" என்று சோப்பைப் பூசி ஒரு பக்கத்தை வழித்தேவிட்டார். நால்வரும் கைதட்டி மாப்பிள்ளையை முதலாளி ஆக்கினார்கள்.

மாமனார் கண்ணாடியைப் பார்த்தார். "ஐயையோ! மறுபக்கத்தையும் எடுத்துத் தொலைங்க மாப்ளே!"

மண்டபத்து மைக்கில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லதம்பி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மற்ற நால்வரோடு கூட்டத்துக்குப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"அவசரப்படாதீங்க மாமா. இப்பத்தான் பாதி போயிருக்கு. மீதியையும் எடுத்துட்டா உங்களுக்குன்னு என்ன இருக்கும்?"