ராம் பட்டையில் வெட்டு விழுந்த கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த சாமான்களுக்கெல்லாம் வாய் இருந்தது. மின்விசிறி ஓயாமல் புலம்பும். ஹார்ட் டிஸ்க் பழைய கதையை ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாது. இவர்கள் எல்லாரையும் மடியில் உட்காரவைத்துச் சோறு போட்டவள் மதர்போர்டு. சோறு என்றால் மின்சாரம்தான். அவர்களுக்கு வேறென்ன சோறு? பெட்டிக்குள் எல்லாரும் அவளை அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

சிவகாசியில் காலண்டர் படம் வடிவமைக்கிற பொன்மாரியின் மேசைக்கடியில் அந்தப் பெட்டி இருந்தது. அம்மாவின் மடியில், ராம் என்கிற நினைவகப் பட்டைகளைச் செருக இரண்டு நீளப் பள்ளங்கள். ஒன்றில் மூத்தவன் இருந்தான். பொன்மாரி வேலை செய்யும்போது படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பது அவன் பொறுப்பு. அவளோ முருகனுக்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் சூரியன், சூரியனைச் சுற்றி ஒளிவட்டம் என்று வருசத்துக்கு வருசம் அடுக்கிக்கொண்டே போனாள். மூத்தவனுக்குக் கை கொள்ளவில்லை. திரை அடிக்கடி அசையாமல் நின்றுபோனது.

“என்னால தாங்க முடியலம்மா” என்றான்.

அம்மாவுக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. இவனுக்குத் துணையாக ஒருத்தன் வரக்கூடாதா என்று பக்கத்துக் காலிப் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கினாள்.

பொன்மாரி சூசையண்ணனைக் கூப்பிட்டாள். அந்த நாளில் ராம் பட்டை செய்கிறவரும் அவரே, மாட்டுகிறவரும் அவரே. புது மாதிரியாகச் செய்த பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் பட்டைகளின் அடி விளிம்பு ஒரே நேராக, வழவழவென்று இருக்கும். எது வேண்டுமானாலும் எந்தப் பள்ளத்திலும் நுழையும்.

“அண்ணே, இது நம்ம போர்டுக்குச் சேருமா?” என்று கேட்டாள் பொன்மாரி.

“ரெண்டும் ஒரே நீளம்தான தங்கச்சி. சேராம எங்க போயிரும்?”

நீளத்தைப் பார்த்தாரே தவிர, அது எவ்வளவு சாப்பிடும் என்று பார்க்கவில்லை அந்த மனுஷன். இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினார். டக்கென்று உட்கார்ந்தது.

இளையவன் மடிக்கு வந்ததும் அம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. மூத்தவனுக்குப் போடுகிற அதே அளவை அவனுக்கும் போட்டாள்.

“போதும்மா” என்றான் இளையவன்.

நம் ஊரில் போதும் என்று சொன்னால் யார் விடுகிறார்கள்? முதன்முதலாக வந்திருக்கிற பிள்ளை, கூச்சப்படுகிறான் என்றுதான் அம்மா நினைத்தாள்.

“வந்த எடத்துல என்னடா வெக்கம்? சாப்பிடு ராசா.”

“இல்லம்மா. நான் புது மாதிரி. எனக்குக் கொஞ்சம்தான் செல்லும். உடம்பெல்லாம் சுடுதும்மா.”

“பார்றா, கொஞ்சம் போதுமாம்ல! இந்தா, எனக்காக இந்த ஒரு வாய்.”

மூத்தவன் பதறினான். “அம்மா, அவன் நெசமாவே போதுங்கிறாம்மா!”

அது அவள் காதில் விழுவதற்குள் அந்த ஒரு வாயும் உள்ளே போய்விட்டது. அறையெங்கும் தீய்ந்த வாடை. பொன்மாரி ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள். இளையவன் அம்மாவின் மடியிலேயே கருகிக் கிடந்தான்.

ஐயோ, அன்றைக்கு அம்மா அழுத அழுகை! “பசியில போயிருந்தாக்கூட ஒரு ஆறுதல் இருக்கும். என் கையாலயே ஊட்டி ஊட்டிக் கொன்னுட்டேனே, பாவி!”

சூசை கருகிய பட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“தப்பு என்மேலதான் தாயி. சேருமான்னு பாக்காம அமுக்கினது நான். உன் அளவுக்கே வேற ஒருத்தனைச் செஞ்சு தாறேன்” என்றார்.

“அது பெறகு. முதல்ல நான் சொல்றதக் கேளு. எனக்கு ஒரே அளவுதான் போடத் தெரியும். மடிக்கு வந்துட்டா ஊட்டாம இருக்கவும் தெரியாது. அதனால, என் சோறு ஆகாத பிள்ளை மடிக்கே வரக்கூடாது. வாசல்லயே தடுத்துரு.”

சூசை அரத்தை எடுத்தார். ஒவ்வொரு மாதிரிப் பட்டைக்கும் ஒவ்வோர் இடத்தில் விளிம்பை வெட்டினார். அம்மாவின் பள்ளங்களில், மூத்தவன் வகைக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஒரு சின்ன மேடு வைத்தார். மூத்தவன் தன் விளிம்பைத் தானே நீட்டிக் கொடுத்தான். அவன் வகையிலேயே ஒரு துணை வந்தது, பொன்மாரியின் காலண்டரும் அச்சுக்குப் போனது. அம்மா மட்டும் அதற்கப்புறம் வாய் திறக்கவே இல்லை. மடி காலியாக இருக்கும்போது பெட்டியின் பொத்தானை அமுக்கினால் பீப், பீப் என்று விசும்புவாள், அவ்வளவுதான்.

அன்று முதல்தான் ராம் பட்டையின் விளிம்பில் அந்த வெட்டு. வாங்கி வந்த பட்டை உட்காராவிட்டால் தயவுசெய்து அமுக்காதீர்கள். விரலுக்கடியில் முட்டுகிறதே ஒரு மேடு, அங்கேதான் ஒரு தாய், ஊட்டத் துடிக்கிற கையை மடக்கிக்கொண்டு, “வராத ராசா, நீயாவது போய்ப் பொழச்சுக்கோ” என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறாள்.