எந்தக் கிடங்கு மிளகு?

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த குறும்பனை நாட்டைச் செழுங்கோ என்றொரு அரசன் ஆண்டான். நல்லவன்தான்; ஆனால் மூக்கு நுனியில் கோபம். விசாரிக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவான். அவன் நாட்டு மிளகுக்குக் கடல் கடந்த ஊர்களில் அப்படி ஒரு கிராக்கி. மூட்டையில் அரச முத்திரை இருந்தால் யாரும் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போவார்கள்.

ஒருநாள் கப்பல் தலைவன் ஒருவன் சபைக்கு வந்து, முத்திரை போட்ட மூட்டை ஒன்றை அரசன் காலடியில் வைத்தான். அந்த மிளகைப் போட்டுச் சமைத்துச் சாப்பிட்ட தன் மாலுமிகள் நுரை தள்ளிச் செத்துப்போனதாகச் சொன்னான். அரசன் குனிந்து பார்த்தான். மூட்டையில் இருந்தது அவனுடைய முத்திரை.

அரண்மனை வைத்தியர் பார்த்துவிட்டு, மிளகோடு நச்சுக் காட்டு விதையைக் கரி பூசிக் கலந்திருக்கிறார்கள் என்றார்.

உடனே பண்டகசாலைத் தலைவர் சித்திரசேனர் எழுந்து, எடை கூட்டுவதற்காக, மிளகு விளைவிக்கும் மலைக்காரர்கள் செய்த வேலை இது என்றார். எந்த ஊர்க்காரர்கள் என்று அமைச்சர் அறவாழியார் கேட்டார். அமைச்சர்மேல் சித்திரசேனருக்கு நெடுநாள் பொறாமை.

"எல்லா ஊர் மிளகையும் ஒன்றாகக் கொட்டித்தான் மூட்டை கட்டுகிறோம். மிளகுக்கு ஊரென்ன, பேரென்ன, அமைச்சரே?" என்று சிரித்தார் சித்திரசேனர்.

"அப்படியானால் எல்லா ஊர்த் தலைவர்களையும் கழுவேற்றுங்கள்" என்றான் அரசன்.

அமைச்சர் எதிர்த்துப் பேசவில்லை. தண்டனைக்கு முன் சபையோர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இதென்ன வேண்டுதல் என்று முணுமுணுத்தபடி அரசன் சம்மதித்தான்.

மறுநாள் மதியம் மலையூர்த் தலைவர்கள் விலங்கோடு ஓரமாக நிற்க, பந்தியில் மிளகு ரசம் வந்தது. நம் மலை மிளகில் வைத்த ரசம் இது, அரசர் அருந்துமுன் பண்டகசாலைத் தலைவர் அருந்தட்டும் என்றார் அமைச்சர். சித்திரசேனர் கிண்ணத்தை உதடு வரை கொண்டுபோய் நிறுத்தினார்.

"இது அரண்மனைக் கிடங்கு மிளகா, துறைமுகக் கிடங்கு மிளகா?"

"இரண்டுமே அதே மலையிலிருந்து வந்ததுதானே, ஐயா" என்றார் அமைச்சர். "மலைக்காரர்கள் கலந்திருந்தால் இரண்டிலும்தான் விஷம் இருக்கும். கிடங்கை ஏன் கேட்கிறீர்கள்?"

சித்திரசேனர் அவசரமாகக் கிண்ணத்தைக் கீழே வைத்ததில் ரசம் சிந்தியது. அப்படியே அரசன் காலில் விழுந்தார். துறைமுகக் கிடங்கில் தானே காட்டு விதையைக் கலந்து, கலந்த எடைக்குச் சமமான நல்ல மிளகை எடுத்துத் தனக்காக விற்றதாகவும், அது ஆளைக் கொல்லும் என்று தெரியாது என்றும் அழுதார். அமைச்சர் அந்தக் கிண்ணத்தை எடுத்து மீதியைக் குடித்தார். அது அரண்மனை மிளகில் வைத்த ரசம்.

ஒரு பாவமும் அறியாதவர்களைக் கொல்ல இருந்தோமே என்று அரசன் பதறினான். தானே போய் விலங்குகளைக் கழற்றி மன்னிப்புக் கேட்டான். பிறகுதான் இன்னொரு கேள்வி அவனுக்குத் தோன்றியது.

"கலந்த மிளகு இப்போது எங்கே இருக்கிறது?"

தெரியாது என்றார் சித்திரசேனர். எந்தக் கப்பலில் போனது, எந்தத் துறையில் இறங்கியது, எதுவும் தெரியாது. எல்லாம் ஒரே குவியல், எல்லாவற்றிலும் ஒரே முத்திரை. இந்த நேரத்தில் எங்கோ ஒருத்தி அதை அம்மியில் வைத்து அரைத்துக்கொண்டிருப்பாள் என்று அரசன் நினைத்தான்.

துறைமுகக் கிடங்கை எரித்தார்கள். கப்பல்கள் போன திசையெல்லாம் படகுகள் விரைந்தன. தன் குற்றத்தைத் தன் வாயாலேயே துறைதோறும் சொல்லும்படி சித்திரசேனரையும் ஏற்றி அனுப்பினான் அரசன். என்ன பரிசு வேண்டும் என்று அமைச்சரைக் கேட்டான். மிளகு பறித்த ஊரின் குறி மூட்டையோடு கப்பல் வரை போக வேண்டும், இனி யாரும் ஒன்றாகக் கொட்டக் கூடாது, அது போதும் என்றார் அவர். அன்றே அது சட்டமானது.

படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒவ்வொரு முறையும் அரசன் தானே துறைமுகத்துக்கு இறங்கிப் போய், நின்றுகொண்டே செய்தி கேட்டான். சில படகுகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. சில போய்ச் சேர்வதற்குள் மிளகு அடுப்பேறியிருந்தது.