நுனி வெட்டிய பீலி

தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் பூரணத்தம்மா நடத்திய சிறு மடத்தில் தவசிக்கனிதான் வயதில் மூத்த சீடர். குருவுக்கே மூத்தவர். தென்காசிப் பக்கம் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்து, வேலையாட்களை அதட்டி, வீட்டையும் அதட்டி, கடைசியில் பெற்ற மகனே படியேறாமல் போன பிறகு, கோபத்தை விட்டொழிக்க வந்தவர். பேரில் மட்டும் தவம் இருந்தால் போதுமா?

மடத்துக்கு வருகிற வழிப்போக்கர்களுக்குச் சோறு பரிமாறுகிற வேலை அவருக்கு. சில மாதம் குரல் உயரவேயில்லை. ஆள் மாறிவிட்டோம் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தார். அந்த நேரம் பார்த்து, மாதந்தோறும் திருச்செந்தூருக்கு நடந்து போகிற ஒருவர் மறுபடியும் மறுபடியும் ரசம் கேட்டார்.

"வயிறா, கிணறா ஓய்?" என்று தவசிக்கனி கத்திவிட்டார்.

அந்த மனிதர் பாதிச் சோற்றில் எழுந்து போனார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் விடிந்ததும், யாரும் சொல்லாமலே அரிவாளை எடுத்து வேலியோரப் புல்லையெல்லாம் ஒட்ட அறுத்துத் தள்ளினார். பூரணத்தம்மா வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது புல்லு இல்ல. பனை."

"பனையா? பனையோலை விசிறி கணக்கால்லா இருக்கும்?"

"முளைக்கையில ஒத்தை ஓலைதான். பீலிம்பாங்க. மணல் உள்ள ஏறாம இருக்கணும்னு, நீங்க வாரதுக்கு முன்னால கொட்டை போட்டோம்."

தவசிக்கனி நெல்வயல் ஊர்க்காரர். நெட்டையாக நின்ற பனையைத்தான் பார்த்திருக்கிறார். உள்ளே போய்த் துணிப்பையோடு வந்து நின்றார்.

"நான் போறேம்மா. மாறிட்டேன்னு நெனச்சதெல்லாம் பொய். நல்லது எதுவும் என் கையில தங்காது."

"போங்க. அறுத்ததுக்குத் தண்ணி ஊத்திட்டுப் போங்க."

"அறுத்ததுக்கு எதுக்கும்மா தண்ணி?"

அம்மா குடத்தைக் காட்டினார்.

ஊற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் மண் காய்ந்து கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் மறுபடி ஊற்றினார். அதற்கு மறுநாளும் அப்படியே. பை கொடியில் தொங்கியது. பந்தி நடக்கிற பக்கம் மட்டும் அவர் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு காலையில், "அம்மா! வருது! எல்லாம் வருதும்மா!" என்று கூவினார். சந்தோஷத்தில் குரல் உடைந்தது.

வேலி நெடுகப் பச்சை நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா வருவதற்குள் அவர் முகம் சுருங்கியது.

"ஒவ்வொண்ணும் நுனி மொட்டையா வருதே?"

"குருத்து ஆழத்துல கெடக்கு, அரிவாள் எட்டாது. வெட்டுப்பட்ட ஓலைதான் மொதல்ல மேல வரும்."

"பாக்க நல்லா இல்லியே. கிள்ளி விட்டுரவா?"

"இருக்கட்டும் அண்ணாச்சி. அதுவும் வெயில் வாங்குற ஓலைதான்."

அப்போது வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. பாதிச் சோற்றில் எழுந்து போன அதே மனிதர். உள்ளே வருவதா, அப்படியே நடப்பதா என்று தயங்கிக்கொண்டிருந்தார்.

"சோறு போடுங்க," என்றார் அம்மா.

தவசிக்கனி இடுப்புத் துண்டை இறுக்கினார்.

"மறுபடியும் கத்திட்டேன்னா?"

"கத்துனா, சாயங்காலம் தண்ணி ஊத்த வந்துருங்க."