மருதாயி வைத்த விருந்து

முன்னொரு காலத்தில், ஏழு மலை தாண்டி, குறும்பொறை நாட்டில் மருதாயி என்றொரு மாட்டு வைத்தியச்சி இருந்தாள். அவள் காய்ச்சும் நோவுக் கஷாயம் ஒரு மிடறு உள்ளே போனால் முனகும் மாடு அடங்கிவிடும். பிழைக்காத மாட்டுக்கும் அதைக் கொடுத்துத்தான் வழியனுப்புவார்கள். வாயில்லா ஜீவன் வலியோடு போகக்கூடாது என்பது அந்நாட்டு வழக்கம். பிறகு மொட்டைப் பாறையில் போட்டால், பாறுக் கழுகுகள் ஒரே பகலில் தின்று தீர்க்கும்.

அவள் கணவன் சடையன் அந்தப் பாறுகளுக்குக் காவல். ஒருநாள் ஒரு மந்திரவாதி பூசைக்குப் பாறுக்குஞ்சு கேட்டான். சடையன் தர மறுத்தான்.

"அவ்வளவு பாசமா? நீயும் பாறாகப் போ!" என்று மந்திரவாதி சாம்பலை ஊத, சடையன் பறந்தே போய்விட்டான்.

மருதாயி மந்திரவாதியின் காலில் விழுந்தாள்.

"உன் கையால் போடும் இரையை அவன் தின்று, மூன்று நாள் உயிரோடு இருந்தால் மனுஷனாவான். போ, விருந்து வை!" என்று சிரித்தான் அவன்.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தாள், பாவம். வானத்தில் எல்லாப் பாறும் ஒன்றுபோலத்தான் இருந்தது. எது அவர், எது அவர் என்று அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. ராத்திரி இரண்டு தட்டில் சோறு போட்டுவிட்டு அழுதாள்.

முதலில், வழக்கம்போலக் கஷாயம் கொடுத்து வழியனுப்பிய ஒரு கிழ எருதைப் போட்டாள். மூன்றாம் நாள் பன்னிரண்டு பாறுகள் தலை தொங்கி விழுந்தன. ஒவ்வொன்றையும் புரட்டி, "ஏங்க, நீங்கதானா?" என்று கேட்டாள். பதில் இல்லை.

அடுத்து ஒரு எருமையைப் போட்டாள். மறுபடியும் விழுந்தன. "ஏங்க, நீங்கதானா?" பதில் இல்லை.

அழுது என்ன செய்ய? கத்தியை எடுத்துச் செத்த பறவை ஒன்றை அறுத்துப் பார்த்தாள். உள்ளே ஈரலெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. காட்டில் புலி அடித்த மானைத் தின்ற பாறுகளோ நன்றாகப் பறந்தன. மானுக்கு யார் கஷாயம் கொடுத்தார்கள்?

மருதாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, என் கைதான் கொன்னுச்சா!" என்று கஷாயப் பானையைப் போட்டு உடைத்தாள். மந்திரவாதிக்கு இது முன்பே தெரியும். அதனால்தான் அந்தச் சிரிப்பு.

"இனி யாரும் கஷாயம் கொடுக்காதீங்க," என்று ஊர் ஊராகச் சொன்னாள்.

"மாடு துடிக்கிறதை வேடிக்கை பார்க்கச் சொல்றியா, தாயி?" என்று எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே அவளுடைய செவலைப் பசு படுத்துவிட்டது. ஒரு மிடறு போதும், நிம்மதியாகத் தூங்கும். கொடுக்கவில்லை. இரண்டு பகல் ஒத்தடம் போட்டு, தடவிக்கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலைவைத்துச் செவலை போய்விட்டது.

செவலையைப் பாறையில் போட்டாள். இறங்கியது மிச்சமிருந்த பதினொரு பாறுகள்தான். ஒரு நாள் ஆயிற்று, விழவில்லை. இரண்டு நாள் ஆயிற்று, விழவில்லை. மூன்றாம் நாள் ஒரு பாறு தத்தித் தத்தி அவளிடம் வந்தது.

"ஏங்க, நீங்கதானா?"

"நான்தான், மருதாயி."

இறகெல்லாம் உதிர, சடையன் நின்றான். மந்திரவாதி தன் சாம்பலோடு சாம்பலானான். பத்துப் பாறுகள் உயிரோடு பறப்பதைக் கண்ட ஊரார் தங்கள் கஷாயத்தைக் கொட்டினார்கள். பத்து நூறாயிற்று. மருதாயியும் சடையனும் நெடுநாள் வாழ்ந்தார்கள், கதை கேட்ட நீங்களும் வாழுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. வீடு வந்ததும் சடையன் நேரே தொழுவத்துக்குப் போனான்.

"செவலை எங்க? என் சத்தம் கேட்டா கத்துவாளே?"

மருதாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவதாங்க உங்களைக் கூட்டிட்டு வந்தா," என்றாள்.